கலர் கம்மி

பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்ற ஊரை ஒட்டி, மழைநீர் அரித்து மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் செம்மண் மேடுகள் இருக்கின்றன. சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அது கடலடி. அந்தக் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்ற உயிரினத்தின் ஓடுகள், ஆட்டுக்கிடாயின் கொம்பு போலச் சுருண்ட கற்களாக, அங்கிருந்து அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் பூமி வரை புதைந்திருக்கின்றன. கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் தூரத்து உறவுக்காரர்கள் இவை. அரியலூரை அடுத்த வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போனால் கண்ணெதிரே பார்க்கலாம்.

உலகெங்கும் கிடைத்த அம்மோனைட்டுகளை ஆராய்ந்தவர்களை ஒரு விஷயம் நெடுங்காலம் குழப்பியது. ஒரே பாறை அடுக்கில், ஒரே காலத்து ஓடுகள் இரண்டு விதமாகக் கிடைத்தன. ஒன்று பெரியது, பெரும்பாலும் பகட்டில்லாதது. மற்றது சிறியது, பல வகைகளில் அதன் வாய் விளிம்பில் காதுமடல் போன்ற அலங்கார நீட்சி இருக்கும். இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்று நினைத்துத் தனித்தனிப் பெயர்கள்கூட வைத்துவிட்டார்கள். 1960களின் தொடக்கத்தில் போலந்தின் மகோவ்ஸ்கியும் பிரிட்டனின் காலமனும்தான் இவை ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும் என்று விளக்கினார்கள். முட்டைகளைச் சுமக்க இடம் வேண்டுமென்பதால் பெரிய ஓடு பெண்ணுடையது என்றும், நீட்சி வைத்த சின்ன ஓடு ஆணுடையது என்றும் இன்று பொதுவாகக் கருதப்படுகிறது.

அதே மண்ணில் இன்று மக்காச்சோளக் காட்டை மேயும் மயிலுக்கு வருவோம். தோகை ஆணுக்கு, பெண் மயில் மண் நிறத்தில் இருக்கும். மயிலிறகைப் பார்த்தாலே தனக்குக் குமட்டுகிறது என்கிற பொருளில் டார்வின் 1860-ல் ஒரு நண்பருக்கு எழுதினார். பிழைப்புக்கு இடைஞ்சலான அந்தத் தோகை எப்படி நிலைத்தது என்ற கேள்விக்கு, பெண் மயில் தேர்ந்தெடுப்பதால்தான் என்று 1871-ல் பதில் சொன்னார். பெண்ணின் தேர்வு என்ற அந்த யோசனையை அன்றைய ஆண் அறிஞர்கள் பலரால் ஏற்கவே முடியவில்லை. தோகைக் கண்களின் எண்ணிக்கை கூடினால் துணை கிடைப்பதும் கூடுகிறது என்று மேரியன் பெட்ரி 1990களில் இங்கிலாந்தில் காட்டினார். ஜப்பானில் பல ஆண்டுகள் மயில்களைக் கவனித்த குழு 2008-ல் அப்படியொரு தொடர்பு தங்களுக்குத் தென்படவில்லை என்றது. மயில் விவகாரமே இன்னும் முடிந்தபாடில்லை.

ஆனால் ஒன்று தெளிவு. பெண் என்றால் அலங்காரமாக இருந்தே ஆக வேண்டும் என்று இயற்கையில் சட்டம் எதுவும் கிடையாது. 1972-ல் ராபர்ட் டிரைவர்ஸ் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்: குஞ்சுகளுக்காக அதிகம் செலவழிக்கும் பால் தேர்ந்தெடுக்கும், குறைவாகச் செலவழிக்கும் பால் தேர்ந்தெடுக்கப்படுவதற்காகப் போட்டி போடும். மனிதக் குழந்தையைச் சுமப்பது தாய் என்றாலும் வளர்க்கத் தந்தையும் வேண்டும். ஆகவே இருவரும் தேர்ந்தெடுப்பார்கள், இருவரும் தேர்ந்தெடுக்கப்படுவார்கள் என்றுதான் உயிரியல் எதிர்பார்க்கிறது. நம் வீட்டுத் திண்ணையில் நடப்பது வேறு.

தரகர் வந்து உட்கார்கிறார். பையிலிருந்து வரன் குறிப்புகளை எடுக்கிறார். பெயர், ராசி, நட்சத்திரம், குலதெய்வம், படிப்பு, உயரம், நிறம். மாப்பிள்ளையின் குறிப்பில் நிறத்துக்கு நேரே என்ன எழுதியிருந்தாலும் யாரும் இரண்டாம் முறை படிப்பதில்லை. கண் போவது சம்பளத்துக்கும், எத்தனை ஏக்கர், கிணறு இருக்கிறதா, வெளிநாட்டு வேலையா என்பதற்கும்தான். பெண்ணின் குறிப்பு என்றால் பேச்சு வேறு மாதிரி போகும்.

"பொண்ணு எப்படிங்க?"

"எம்.எஸ்சி., பி.எட். முடிச்சிருக்கு. நல்ல குணம். கலர்தான் கொஞ்சம் கம்மி. ஆனா முகம் களையா இருக்கும்."

"எத்தனை சவரன் போடறாங்களாம்?"

"இருபது சொன்னாங்க. இன்னும் அஞ்சு சேத்துப் பேசிப் பாக்கலாம்."

இந்த நான்கு வரிகள் பெரம்பலூரிலும் அரியலூரிலும் எத்தனையோ வீடுகளில் பேசப்படுபவை. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது, பேச்சு நின்றபாடில்லை. நிறம் ஒரு படி குறைந்தால் நகை சில சவரன் கூடுகிறது. ஒரு பெண்ணின் தோல் கிராம் கணக்கில் தங்கமாக மாற்றப்படுகிறது. மூலதனம் என்பது பணம் மட்டுமல்ல, பழக்கவழக்கம், படிப்பு, தொடர்புகள் எல்லாமே மூலதனம்தான் என்று பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியே எழுதினார். அந்தப் பட்டியலில் கவர்ச்சியையும் சேர்க்க வேண்டும் என்று 2010-ல் கேத்தரின் ஹக்கீம் வாதிட்டார். பெண்கள் அதைக் கூச்சமின்றிப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் கட்சி. எனக்கு அதில் உடன்பாடில்லை. மூலதனம் என்றால் அதைச் சேமிக்க முடிய வேண்டும், பெருக்க முடிய வேண்டும், உடையவர் கையில் இருக்க வேண்டும். மேலே கண்ட பேரத்தில் தோல் பெண்ணுடையது, பேசுவது மற்றவர்கள், லாபமோ நஷ்டமோ இரு வீட்டுக் கணக்கில் சேர்கிறது. அவளுக்கு வயதாக வயதாக மதிப்பும் சரிகிறது. ஆணின் நரைக்கு அனுபவம் என்றும் பெண்ணின் நரைக்கு முடிவு என்றும் பெயர் வைக்கும் இந்த இரட்டை அளவுகோலைப் பற்றி சூசன் சொண்டாக் 1972-லேயே எழுதினார்.

அழகுக்குச் சம்பளத்தில் விலை உண்டா என்று கணக்குப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். டேனியல் ஹேமர்மெஷ், ஜெஃப் பிடில் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்க, கனடியத் தரவுகளைக் கொண்டு 1994-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தோற்றத்தில் சுமார் என்று மதிப்பிடப்பட்டவர்கள் சராசரித் தோற்றம் உள்ளவர்களைவிட 5 முதல் 10 விழுக்காடு குறைவாகச் சம்பாதித்தார்கள். இதில் பெண்களுக்குத்தான் அடி பலமாக இருக்கும் என்று எவரும் நினைப்போம். ஆனால் சம்பளத்தில் ஆண்களுக்கான பாதிப்பு பெண்களுக்கு இருந்ததைவிடக் குறைவாக இல்லை. பெண்களுக்கான தனித் தண்டனை வேறு இரண்டு இடங்களில் இருந்தது. சுமாரானவர்கள் என்று மதிப்பிடப்பட்ட பெண்கள் வேலைக்குப் போவதே குறைவாக இருந்தது. அவர்களுக்கு வாய்த்த கணவர்களின் கல்வியும் குறைவாக இருந்தது. அலுவலகத்தில் ஏறக்குறைய இருபாலருக்கும் பொதுவான ஒரு பாரபட்சம், கல்யாணச் சந்தையில் பெண் மேல் மட்டும் தனிப் பாரமாக இறங்குகிறது. இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வந்ததன் அடித்தளம் இந்தக் கண்டுபிடிப்புதான்.

அழகானவர் திறமையானவராகவும் இருப்பார் என்று மூளை ஏன் நம்புகிறது? 1920-ல் எட்வர்ட் தார்ன்டைக், ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழுள்ளவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை ஆராய்ந்தார். உடற்கட்டுக்கு நல்ல மதிப்பெண் பெற்றவருக்கே அறிவுக்கும் குணத்துக்கும் நல்ல மதிப்பெண் விழுந்திருந்தது. ஒரு நல்ல அம்சம் மற்றவற்றின் மேலும் வெளிச்சம் பாய்ச்சிவிடுகிறது. 2006-ல் பிரின்ஸ்டனில் செய்த சோதனையில், ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே போதும், இவர் நம்பகமானவரா, திறமைசாலியா என்று மனிதர்கள் முடிவுகட்டிவிடுவது தெரிந்தது. கூடுதல் நேரம் கொடுத்தபோது அந்த முடிவு பெரிதாக மாறவில்லை. அதன் மேல் இருந்த நம்பிக்கைதான் கூடியது. பெண் பார்க்க வந்தவர்கள் காபி டம்ளரை எடுப்பதற்குள் முடிவெடுத்துவிடுவதாகச் சொல்வார்களே, அது மிகை அல்ல.

அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு அர்ஜென்டினாவில் நடந்தது. கணினியில் வழிகாணும் புதிர்களை விடுவிப்பதுதான் வேலை. அழகுக்கும் அந்தத் திறமைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனாலும் வேலைக்கு எடுப்பவர்கள் அழகானவர்கள் அதிகம் முடிப்பார்கள் என்று எதிர்பார்த்தார்கள். முகம் தெரியாமல் தொலைபேசியில் மட்டும் பேசியபோதும் அழகானவர்களுக்கே முன்னுரிமை கிடைத்தது. காரணம், சின்ன வயதிலிருந்து பாராட்டு கேட்டு வளர்ந்தவரின் குரலில் இருக்கும் தைரியமாக இருக்கலாம். 'கருவாச்சி' என்று கூப்பிட்டே வளர்த்த பிள்ளையிடமிருந்து நாம் எதை எடுத்துக்கொள்கிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான குறிப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

அழகாக இருக்கும் பெண்ணாவது தப்பிக்கிறாளா என்றால், அதுவும் இல்லை. 1979-ல் மேட்லின் ஹெய்ல்மனும் லோயிஸ் சருவத்தாரியும் செய்த சோதனையில், அழகான ஆணுக்கு எழுத்தர் வேலை, மேலாளர் வேலை இரண்டிலும் தோற்றம் கைகொடுத்தது. அழகான பெண்ணுக்கு எழுத்தர் வேலையில் மட்டும் கைகொடுத்தது. மேலாளர் நாற்காலிக்கு அதுவே குறுக்கே நின்றது.

இனி தோலுக்கு வருவோம். பெரம்பலூர், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் இருக்கிறது. கோடை நண்பகலில் இங்கே புற ஊதாக் கதிரின் குறியீடு 11-ஐத் தொடும், தாண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதுதான் உச்சப் படி. இந்த வெயிலில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களின் தோல் கருப்பாக இருப்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. தோலின் நிறமியான மெலனினைச் செய்யும் செல்கள் வெள்ளைக்காரர் தோலிலும் நம் தோலிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. அவை செய்யும் மெலனின் பொட்டலங்களின் அளவும் பரவலும்தான் வேறு. புற ஊதாக் கதிர் ரத்தத்தில் உள்ள ஃபோலேட் என்ற வைட்டமினைச் சிதைக்கும். கருவின் முதுகுத்தண்டு சரியாக உருவாக அந்த ஃபோலேட் தேவை. வெயில் தேசத்தில் கருமை நிலைத்ததற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நீனா ஜப்லான்ஸ்கியும் ஜார்ஜ் சாப்ளினும் 2000-ல் வாதிட்டார்கள். அவர்கள் சொல்வது சரியென்றால், 'கலர் கம்மி' என்று நாம் தள்ளிவைக்கும் தோல், நம் பாட்டிகளின் வயிற்றில் பிள்ளையைக் காத்த தோல்.

ஒரே வீட்டில் அக்கா கருப்பாகவும் தங்கை சிவப்பாகவும் பிறப்பதற்கும் விளக்கம் இருக்கிறது. எஸ்.எல்.சி.24ஏ5 என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் தோல் வெளுக்கும் என்பது 2005-ல் வரிக்குதிரை மீனை ஆராய்ந்தபோது தெரியவந்தது. அந்த மாற்றம் தெற்காசியாவிலும் பரவலாக இருப்பதையும், ஐரோப்பியரிடம் உள்ளதும் நம்மிடம் உள்ளதும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்பதையும் 2013-ல் வெளியான ஆய்வு காட்டியது. பெற்றோர் இருவரிடமும் இரு வகைப் பிரதியும் கலந்திருந்தால், எந்தப் பிள்ளைக்கு எது விழும் என்பது தற்செயல். அந்தத் தற்செயலுக்காக, அக்காவைப் பெண் பார்க்க வரும் நாளில் தங்கையைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். தங்கை கண்ணில் பட்டால் 'சின்னதைக் கொடுங்களேன்' என்று கேட்டுவிடுவார்களாம். இரண்டு பிள்ளைகளும் அன்று கற்றுக்கொள்வதை எந்தப் பட்டமும் அழிக்காது.

பருத்தி எடுக்கவும் சோளக் கதிர் ஒடிக்கவும் போகும் பெண்களைப் பெரம்பலூர்ப் பக்கம் சாலையோரம் பார்த்திருப்பீர்கள். புடவைக்கு மேல் வீட்டு ஆம்பிளையின் பழைய முழுக்கைச் சட்டை. கழுத்துப் பட்டன் வரை போட்டிருப்பார்கள். தலையில் துண்டு. சோளத் தோகை கையை அறுக்கும், சுணை அரிக்கும் என்பதற்காகப் போட்ட சட்டை அது. அந்தத் தாய்க்குத் தன் தோலைப் பற்றிக் கவலை கிடையாது. "நீ காட்டுப் பக்கம் வராத, கருத்துப் போயிருவ" என்று மகளை வீட்டிலேயே நிறுத்திவிடுவாள். மகனுக்கு அந்த எச்சரிக்கை இல்லை. அவன் கிணற்றிலும் கிரிக்கெட்டிலும் பகலெல்லாம் காய்வான்.

வீட்டில் நின்ற பெண்ணைத் தேடி க்ரீம் வருகிறது. 'ஃபேர் அண்ட் லவ்லி' இந்தியாவில் 1975-ல் வந்தது. எதிர்ப்பு வலுத்ததால் 2020-ல் பெயரிலிருந்த வெளுப்பை எடுத்துவிட்டார்கள். 2005-ல் ஆண்களுக்கென்று தனி வெளுப்பு க்ரீமும் வந்தது. சந்தை பெருத்தது, இரட்டை அளவுகோல் அப்படியே நின்றது. கம்பெனி க்ரீமைவிட எனக்குப் பெரிய கவலை, பெயர்ச்சீட்டு ஒழுங்காக இல்லாத டப்பாக்களும், மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் டியூப்களும்தான்.

டப்பாவில் பாதரசம் இருக்கலாம். மெலனின் உருவாகத் தேவையான நொதியைப் பாதரசம் முடக்குகிறது, தோல் வெளுக்கிறது. கூடவே அது தோல் வழியாக ரத்தத்துக்குப் போய்ச் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேரிடம் ஓர் அரிய வகை தென்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பு க்ரீம் பூசி வந்தவர்கள்.

டியூபில் இருப்பது ஸ்டீராய்டு. கரப்பான் போன்ற தோல் அழற்சிக்கு, மருத்துவர் சொன்னபடி சில நாள் போட வேண்டிய மருந்து. முகத்தில் போட்டால் முதல் இரண்டு வாரம் பளபளப்பு வரும். பக்கத்து வீட்டார் கேட்பார்கள். அதன் பிறகு தோல் காகிதமாக மெலியும், சின்ன ரத்தக் குழாய்கள் சிவந்து தெரியும், பருவும் ரோமமும் கிளம்பும், வெயில் பட்டால் எரியும். நிறுத்தினால் இன்னும் மோசமாகும். அதனால் நிறுத்த முடியாமல் போட்டுக்கொண்டே இருப்பார்கள். 2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதென்று ஆணையிட்டது. கவுண்டரில் பெயர் சொன்னால் எடுத்துக் கொடுக்கும் பழக்கம் அதனால் ஒழிந்துவிடவில்லை.

இந்த அளவுகோலை நமக்குப் பாடமாக நடத்துவது சினிமா. 2007-ல் வந்த 'சிவாஜி' படத்தில் கதாநாயகனின் கருப்பு ஒரு கலகலப்பான விஷயம். அவர் வெளுக்க முயல்வதும் வேடிக்கை. கடைசியில் கதாநாயகி அவருக்குத்தான். அதே படத்தில் பக்கத்து வீட்டு இளம்பெண்கள் இருவருக்கு முகத்தில் கருப்பு மை பூசி, அங்கவை, சங்கவை என்று பாரி மகளிரின் பெயரை வைத்து, பார்த்தாலே ஓடுவது போன்ற நகைச்சுவை எழுதப்பட்டது. படம் வெளியானபோது ரஜினிகாந்துக்கு வயது 56, ஸ்ரேயாவுக்கு 24. அரங்கில் சிரித்தவர்களில் அங்கவை நிறத்துப் பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்களுக்காகத்தான் எனக்கு இன்றும் வலிக்கிறது. 2025 நவம்பரில் சென்னையில் ஒரு பட நிகழ்ச்சியில், பாடல் காட்சியில் கதாநாயகியைத் தூக்கியது பற்றி நாயகனிடம் அந்தக் கதாநாயகியின் எடையைக் கேட்ட கேள்வியை, அந்தக் கதாநாயகியான கௌரி கிஷன் மேடையிலேயே எதிர்த்தார். பதினெட்டு ஆண்டுகளில் ஒன்று மாறியிருக்கிறது: கேள்விக்கு ஆளானவர் சிரித்து மழுப்பவில்லை.

பதவி உயர்ந்தால் தப்பிக்கலாம் என்றும் சொல்ல முடியாது. அப்போது கேரளத்தின் தலைமைச் செயலராக இருந்த சாரதா முரளீதரன் 2025 மார்ச்சில் பொதுவில் ஒரு செய்தி எழுதினார். அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவர் அவருடைய கணவர் வேணு. கணவரின் பணிக்காலம் எவ்வளவு வெள்ளையோ, மனைவியுடையது அவ்வளவு கருப்பு என்று ஒருவர் அவரிடமே சொல்லியிருக்கிறார். மாநிலத்தின் மிக உயர்ந்த அதிகாரி. முப்பதாண்டுக்கு மேல் ஆட்சிப் பணி. கடைசியில் பேச்சு தோலில் வந்து நின்றது. நான்கு வயதில், தன்னை மறுபடி வயிற்றுக்குள் வைத்து வெள்ளையாகப் பெற்றுத் தர முடியுமா என்று அம்மாவிடம் கேட்டதையும் அவர் அதில் நினைவுகூர்ந்திருந்தார்.

இந்தச் சுமையின் முதல் கணக்கு பிறப்பிலேயே தொடங்கிவிடுகிறது. 2011 கணக்கெடுப்பில் அரியலூர் மாவட்டத்தில் 1000 ஆண்களுக்கு 1015 பெண்கள் இருந்தார்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை மட்டும் எடுத்தால் 1000 ஆணுக்கு 897 பெண். பெரம்பலூரில் 913. மாநில சராசரி 943. பெண் பிறந்தால் செலவு என்ற நினைப்பின் பல காரணங்களில் நகைப் பேரம் தலையாயது. அந்தப் பேரத்தில் தோலுக்கு ஒரு வரி இருக்கிறது.

மாறுமா? டேவிட் பஸ் 1989-ல் 37 பண்பாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கேட்டு, பொதுவாக ஆண்கள் தோற்றத்தையும் பெண்கள் சம்பாத்தியத்தையும் அதிகம் எதிர்பார்க்கிறார்கள் என்றார். இது பரிணாமம் எழுதிய விதி என்பது அவர் முடிவு. ஆலிஸ் ஈக்லியும் வெண்டி வுட்டும் 1999-ல் அதே தரவை மறுபடி அலசினார்கள். ஆண் பெண் சமத்துவம் கூடிய நாடுகளில், சம்பாத்தியம் பற்றிய எதிர்பார்ப்பில் இருபாலருக்கும் உள்ள இடைவெளி சுருங்கியிருந்தது. தன் கையில் வருமானம் வந்ததும் பெண்ணின் தேர்வு மாறுகிறது. ஆனால் தோற்றம் பற்றிய இடைவெளி அப்படிச் சுருங்கியதாகத் தெரியவில்லை. இந்த இரண்டாவது பாதியை நாம் மறந்துவிடக் கூடாது.

2023 நவம்பரில் பெரம்பலூர் மாவட்டம் எறையூர் சிப்காட்டில் காலணி ஆலை திறக்கப்பட்டது. 2024 நவம்பரில் ஜெயங்கொண்டம் சிப்காட்டில் 1,000 கோடி ரூபாயில், 15,000 பேருக்கு வேலை என்ற அறிவிப்போடு இன்னொரு காலணி ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. காலணி ஆலைகளில் பெரும்பாலும் பெண்களே வேலை செய்கிறார்கள். சோளக் கொல்லைக்கும் கல்யாணத்துக்கும் நடுவே வேறு வழியில்லாதிருந்த பெண்ணுக்கு மாதச் சம்பளமும் சொந்தக் கணக்கும் வருவது பெரிய காரியம். வேண்டாத வரனை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் அதில் வரும். ஆனால் மாப்பிள்ளை வீட்டு நாக்கை அது தானாக மாற்றிவிடாது. அதை அந்த வீட்டார்தான் மாற்ற வேண்டும்.

முகத்துக்குப் போடும் டியூபில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால், ஹைட்ரோகுவினோன் என்று எந்தப் பெயர் இருந்தாலும், அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ போய்த் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பாதியில் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம். மகனுக்குப் பெண் தேடும் வீட்டாரிடம் இன்னொரு வேண்டுகோள். அடுத்த முறை தரகர் திண்ணையில் உட்கார்ந்து நிறத்தைச் சொல்லத் தொடங்கும்போது, "அத விடுங்க, பொண்ணுக்குச் சம்மதமான்னு மொதல்ல கேளுங்க" என்று சொல்லுங்கள். மகன் பக்கத்தில் இருக்கும்போதே சொல்லுங்கள்.